அறுபதில் தொடங்கும் இரைச்சல்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வருகிறவருக்கு முதல் கிழமையிலேயே ஒரு தீர்ப்புக் கிடைத்துவிடும்: "தம்பி, இது கியர்பொக்ஸ் சத்தம். இறக்கித்தான் பாக்க வேணும்." ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் குறைவு. காரின் பெயரைக் கேட்டதுமே சொல்லிவிடுவார்கள்.

என் கார் 2001ஆம் ஆண்டு சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ். உருண்டை விளக்கு வைத்த அந்த மொடல். இரண்டு லீற்றர் டேர்போ எஞ்சின், ஐந்து கியர், நான்கு சில்லுக்கும் இழுவை. கொழும்பில் வாங்கி ஏ9 வழியாக ஓட்டி வந்தபோது பரந்தன் தாண்டிய நேர் வீதியில்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். ஐம்பதுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அறுபது கிலோமீற்றர் வேகத்தில், தூரத்தில் அரிசி ஆலை ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல் தொடங்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும்.

கியர்பொக்ஸ் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் காலத்து இம்பிரெசா டேர்போக்களின் ஐந்து கியர் பெட்டி முரட்டுத்தனமாகக் கிளச்சை விட்டுப் பாய்ந்தால் பல் உடையும் என்பது உலகம் முழுக்க அறிந்த குறை. 2000க்குப் பிறகு வந்த எஸ்டிஐ என்கிற அதிவேக ரக இம்பிரெசாக்களுக்கு ஆறு கியர் கொண்ட தடித்த பெட்டி கொடுத்ததும் அதனால்தான். ஆனால் ஒரு பாகத்துக்குக் கெட்ட பெயர் இருக்கிறது என்பதற்காக உங்கள் காரில் கேட்கிற சத்தமும் அதனுடையது ஆகிவிடாது. இங்கே தவறாக ஊகித்தால் அதன் விலை பெரியது. பெட்டியை இறக்கி ஏற்றும் கூலி ஒரு பக்கம். திறந்தபின் ஏதாவது வேண்டுமென்றால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஆள் பிடிக்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜப்பான் கார்களின் உதிரிப்பாகத்துக்கு இருந்த தட்டுப்பாட்டை இந்த மாதிரிக் கார் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் முதல் போல்ட்டைக் கழற்ற முன்னரே சத்தத்தைப் பிரித்து அறிய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

கோப்பாய்ப் பக்கம் சிறிய கராஜ் வைத்திருக்கிற ஒரு மெக்கானிக் அண்ணையிடம் போனேன். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவர். அப்போது குடாநாட்டில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர். கொஞ்சம் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். புதிய பேரிங் (அச்சு உராயாமல் சுற்ற உதவும் குண்டு வளையம்) என்பதே கிடைக்காது. எனவே எது உண்மையில் பழுது, எது இன்னும் ஓடும் என்று கண்டுபிடிக்காமல் எதையும் கழற்ற முடியாத காலம் அது. அந்தப் பழக்கம் அவரிடம் அப்படியே இருக்கிறது. நான் சத்தத்தை விவரிக்கத் தொடங்கியதும், "எங்க கேக்குது எண்டதை விடுங்கோ தம்பி. எப்ப கேக்குது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

இதை நான் முழுமனதாக நம்புகிறேன். காருக்குள் இருக்கிறவருக்குச் சத்தம் வரும் திசை சரியாகத் தெரியாது. தாழ்ந்த இரைச்சல் காரின் உடல் முழுக்கப் பரவி, அது எங்கே எதிரொலிக்கிறதோ அங்கேயே பிறப்பதுபோலக் கேட்கும். என் காரில் அது இடது முன் காலடியில் இருந்து வருவதாகச் சத்தியம் பண்ணியிருப்பேன். எப்போது வருகிறது, எப்போது மாறுகிறது என்பதைக் காது தவறாமல் சொல்லும். கியரோடு மாறுகிறதா, அக்சிலரேற்றரோடு மாறுகிறதா, ஸ்ரியரிங்கோடு மாறுகிறதா, வீதியோடு மாறுகிறதா? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால் சந்தேகப் பட்டியலில் பெரும்பகுதி அழிந்துவிடும்.

சோதிக்க இடம் வேண்டும். நல்லூரில் இருந்து திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் என்று எங்கே போனாலும் சைக்கிளும் ஓட்டோவும் மாடும் குறுக்கே வரும். அறுபதைத் தொடவே முடியாது, தொடவும் கூடாது. ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்ட வேகம் எழுபது. என் சத்தத்துக்கு அது போதும். நாவற்குழிச் சந்தியில் திரும்பி ஏ32 வீதியில் தனங்கிளப்பு, கேரதீவு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தை நோக்கிப் போகிற துண்டைத் தேர்ந்தெடுத்தேன். 2011 ஜனவரியில் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் அது நேர் வழியானது. விடிகாலையில் கடல்நீரேரிக் காற்றும் அடங்கியிருக்கும். யன்னல்களைப் பூட்டி, ஏசியையும் றேடியோவையும் நிறுத்தி, மைத்துனன் ஒருவனைப் பின் சீற்றில் கைப்பேசியோடு இருத்தினேன். ஓட்டுகிறவர் ஒலிப்பதிவில் கை வைக்கக் கூடாது.

முதலில் கியர். ஐந்தாம் கியரில் 60, நான்காம் கியரில் 60, மூன்றாம் கியரில் 60. எஞ்சினின் சுற்று ஏறி இறங்கும், சில்லின் சுற்று மாறாது. சத்தம் மாறவில்லை. அதோடு எஞ்சின், டேர்போ, கிளச், கியர்பொக்ஸின் உள்வரும் அச்சு எல்லாம் பட்டியலில் இருந்து போய்விட்டன. பிறகு நேர் வீதியில் நியூட்ரலில் உருளவிட்டேன். சத்தம் அப்படியே இருந்தது. (கார் நிற்கும்போது நியூட்ரலில் சத்தம் வந்து, கிளச்சை மிதித்ததும் நின்றால் உள்வரும் அச்சின் பேரிங், மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளச் றிலீஸ் பேரிங். இதற்குக் காரை ஓட்டவே தேவையில்லை, வாங்குமுன் எவரும் செய்து பார்க்கலாம்.)

இங்கே சுபாருவுக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. டிபரென்சல் என்பது சுழற்சியை இரண்டு பக்கத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பற்சில்லுத் தொகுதி. முன் டிபரென்சலும் நடு டிபரென்சலும் கியர்பொக்ஸின் அதே கூட்டுக்குள்தான் இருக்கின்றன. முன் டிபரென்சலுக்குக் கியர்பொக்ஸின் அதே ஒயில்தான். நியூட்ரலில் உருளும்போதும் வெளிச்செல்லும் அச்சும் அந்த இரண்டு டிபரென்சல்களும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கியர்ப் பற்கள் தப்பினவே தவிர, அந்தக் கூடு முழுதாகத் தப்பவில்லை.

அடுத்தது சுமை. ஒரே வேகத்தில் மெதுவாக இழுக்கவிடுவது, காலை முழுதாக எடுப்பது, பிறகு இழுக்கவும் இல்லாமல் பிடிக்கவும் இல்லாமல் நடுவில் வைத்திருப்பது. டிபரென்சலுக்குள் பல்லோடு பல் சேர்ந்து சுற்றும் பெரிய கிரவுண் சில்லும் சிறிய பினியனும் தேய்ந்திருந்தால் இந்த மூன்று நிலையிலும் சுரம் மாறும். இழுக்கும்போது ஒரு பக்கப் பல்முகமும் காலை எடுக்கும்போது மறுபக்கப் பல்முகமும் சுமையைத் தாங்குவதுதான் காரணம். என் இரைச்சல் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது.

இதன் பின்னாலே ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். என் காரில் இருந்தவை 205/55 ஆர்16 ரயர்கள். அந்த ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.98 மீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் என்றால் வினாடிக்கு 16.7 மீற்றர். அதாவது சில்லு வினாடிக்கு எட்டுத் தடவைக்குச் சற்று மேலே சுற்றுகிறது. ரயர் வீங்கினாலோ றிம் வளைந்தாலோ வரும் அடி இந்த எட்டில் வரும்; அதைத் தனித்தனி அடியாகவே உணரலாம். காரின் நடுவே பின் டிபரென்சல் வரை ஓடுகிற புறொப்பெலர் ஷாஃப்ட் சில்லைவிட மூன்றரையில் இருந்து நாலரை மடங்கு வேகமாகச் சுற்றும், அது டிபரென்சலின் விகிதத்தைப் பொறுத்தது. அப்படியென்றால் வினாடிக்கு 29 இல் இருந்து 38. இது அடியாகக் கேட்காது, சீற்றும் தரையும் அதிரும். பினியனில் பத்துப் பல் அளவில் இருந்தால், பல்லோடு பல் சேரும் எண்ணிக்கை வினாடிக்கு முந்நூறு நானூறு ஆகிவிடும். அது ஒரே சுரத்தில் பாடுகிற தெளிவான ஊளை. பழுதான பேரிங் இவை எதையும் போல ஒரு சுரத்தில் நிற்காது. குண்டுகளும் அவை ஓடுகிற தடமும் சொரசொரத்துப் போவதால் பல சுரங்கள் கலந்த கரகரப்பு வரும்.

மைத்துனன் பதிந்த ஒலியை அலைவரிசை காட்டுகிற ஓர் இலவசச் செயலியில் போட்டுப் பார்த்தோம். ஊளைக்குரிய ஒற்றைக் கோபுரம் எங்கும் இல்லை. தாழ்ந்த பக்கத்தில் அகலமான மேடு ஒன்று மட்டும் இருந்தது. பேரிங், அல்லது ரயர். அண்ணையிடம் காட்டியபோது படத்தை அவர் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒலியை மட்டும் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பல் இல்லை. உருளுற சாமான்தான்" என்றார்.

ரயரைப் பற்றி யாரும் போதியளவு பேசுவதில்லை. காரை விற்கிறவர் பெரும்பாலும் மலிவான பாவித்த ரயர்களைப் போட்டுத்தான் தருவார். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. என்னுடைய பின் ரயர்களின் மேற்பரப்பில் கையை ஒரு திசையில் தடவினால் வழுவழுப்பு, எதிர்த் திசையில் தடவினால் அரம். இப்படிப் படிப்படியாகத் தேய்ந்த ரயர் போடுகிற இரைச்சலும் பேரிங் இரைச்சலும் கேட்பதற்கு ஏறக்குறைய ஒன்று. வேறுபடுத்த வழி உண்டு. காப்பெற் வீதியில் இருந்து கரடுமுரடான பழைய தார் வீதிக்கு மாறும்போது ரயர்ச் சத்தம் தன்மை மாறும். பேரிங்குக்கு வீதி எதுவென்று தெரியாது. முன் பின் ரயர்களை இடம் மாற்றினால் ரயர்ச் சத்தமும் கூடவே இடம் மாறும். மாற்றிப் பார்த்தோம். மேலே மிதந்த ஒரு சீறல் முன்னுக்கு வந்தது. அடியில் இருந்த இரைச்சல் அசையவில்லை. இரண்டு சத்தங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து இருந்திருக்கின்றன.

நான்கு சில்லு இழுவைக் காரில் ரயருக்கு இன்னொரு முக்கியமும் உண்டு. நான்கு ரயர்களின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது ஆறு மில்லிமீற்றருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது சுபாருவின் விதி. தையல் நாடாவால் அளந்தேன். முன்னும் பின்னும் அதைவிட அதிகம் வித்தியாசப்பட்டன. அப்படி ஓடினால் நடு டிபரென்சலின் விஸ்கஸ் அடக்கி (முன், பின் சுற்று வித்தியாசத்தைத் தடித்த திரவத்தால் அடக்குகிற பாகம்) நேர் வீதியிலும் ஓய்வின்றி வேலை செய்து சூடாகும். அது கெட்டால், இறுக்கமாகத் திருப்பும்போது யாரோ பிறேக் பிடிப்பதுபோலக் கார் திணறும். என் காரில் அந்தத் திணறல் இல்லாதது பெரிய நிம்மதி. நான்கையும் ஒரே வகையில் புதிதாகப் போட்டேன். ஓடும் பாகங்களுக்குச் செலவழிக்க முன்னர் ரயருக்குச் செலவழிக்க வேண்டும் என்று யாருக்கும் தயங்காமல் சொல்வேன்.

பிறகு ஸ்ரியரிங். வெறுமையான அகன்ற வீதியில், அறுபதில், மெல்ல இடமும் வலமுமாக வளைத்து ஓட்டினேன். இடது பக்கம் வளைக்கும்போது காரின் பாரம் வலது சில்லுகளில் இறங்கும். அப்போது இரைச்சல் பருத்தது. வலது பக்கம் வளைத்ததும் ஏறக்குறைய மறைந்தே போனது. ஆக, வலது பக்கம். நான் இடது முன்னில் கேட்டதாக நினைத்த சத்தம்! சில்லைச் சுற்றுகிற அச்சின் மூட்டான சிவி ஜொயின்ற் என்றால் கதை வேறு: ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகச் சுற்றும்போது "கிளிக் கிளிக்" என்று கேட்டால் வெளி ஜொயின்ற், இழுக்கும்போது கார் உதறினால் பெரும்பாலும் உள் ஜொயின்ற். இந்த இம்பிரெசாக்களில் வலது முன் உள் ஜொயின்ற்றின் றப்பர் உறை எக்சோஸ்ட் சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் முதலில் வெடிப்பது அதுதான். என்னுடையதிலும் கிறீஸ் கசிவு இருந்தது. ஆனால் அது சத்தம் போடவில்லை, தனி வேலையாகக் குறித்துக்கொண்டேன்.

வலது முன்னா, வலது பின்னா? அண்ணை நான்கு சில்லையும் ஸ்ராண்டில் ஏற்றினார். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்ததில் எதிலும் ஆட்டம் இல்லை. பல கராஜ்களில் சோதனை இதோடு முடிந்துவிடும்: ஆட்டம் இல்லை, எனவே பேரிங் நல்லது, எனவே கியர்பொக்ஸ். இது பிழை. தடத்தில் குழி விழுந்த பேரிங் ஆட்டம் காட்டாமலே நெடுங்காலம் இரையும். அண்ணை நியூட்ரலில் விட்டு, சில்லை ஒரு கையால் சுற்றிக்கொண்டே மற்றக் கையின் விரல்களைச் சுருள் ஸ்பிறிங்கில் மெல்ல வைத்தார். அந்த ஸ்பிறிங் சின்ன அதிர்வையும் விரலுக்குக் கொண்டுவரும். இடது பின் சில்லு வழுக்கிச் சுற்றியது. வலது பின்னில் அவர் என் கையைப் பிடித்து வைத்தார். மணல் நொறுங்குவது நன்றாகத் தெரிந்தது.

எஞ்சினை ஓடவிட்டு, சில்லுகள் அந்தரத்தில் சுற்றக் கீழே புகுந்து ஸ்குறூ டிறைவரைக் காதில் வைத்துக் கேட்கலாம் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அண்ணை ஒரே சொல்லில் மறுத்தார். நான்கு சில்லு இழுவைக் காரில் ஒரு சில்லு ஏதாவது ஒன்றைத் தொட்டால் கார் ஸ்ராண்டில் இருந்து பாயும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். சந்தேகம் தீராவிட்டால் ஓட்டி வந்தவுடன், பிறேக்கை அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, நான்கு சில்லின் நடுப்பகுதிச் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அதுவே பதில்.

வேலை சுலபமாக இருக்கவில்லை. பேரிங்கைவிடக் கஷ்டம் தந்தது பின் சில்லைக் காரின் அடிப்பகுதியோடு பிணைக்கிற லற்றரல் லிங்கைப் பிடித்திருக்கிற நீண்ட போல்ட். அது தன் உறைக்குள் துருப்பிடித்து ஒன்றாகிவிடுவது சுபாருக்காரர் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி. துரு நீக்கி அடித்து, சூடு காட்டி, ஊறவிட்டு, கடைசியில் வெட்டித்தான் எடுத்தார்கள். புதிய போல்ட்டையும் புஷ்ஷையும் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது. கடற்காற்று ஊரில் இன்னும் நல்லது.

இந்த மொடலில் பேரிங் கூட்டுக்குள் அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். லேத் பட்டறையில் ஹைட்றோலிக் பிறெஸ் இருக்கிறது. அங்கேயும் கூடவே நிற்க வேண்டும். பேரிங்கைக் கூட்டுக்குள் ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழ வேண்டும். சில்லு பூட்டப்படுகிற ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்குக் கீழே தாங்கு கொடுக்க வேண்டும். மாறி அழுத்தினால் சுமை குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் தழும்பு விழும். புதிய பேரிங் முதல் நாளே பழசாகிவிடும். "புதுசு போட்டும் சத்தம் போகேல்லை, அப்ப கியர்பொக்ஸ்தான்" என்கிற கதைகள் பல இங்கேதான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன். அச்சு நட்டை முழுதாக இறுக்க முன்னர் காரைச் சில்லில் இறக்கவும் கூடாது, அதுவும் பேரிங்கைக் கெடுக்கும்.

பழைய பேரிங்கை வெட்டிப் பார்த்தோம். கிறீஸ் துருநிறமாகி இருந்தது; சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. உள் தடத்தில் உலோகம் செதிலாக உதிர்ந்த குழிகள்.

சங்குப்பிட்டி வீதியில் மீண்டும் அறுபது, எழுபது. இரைச்சல் இல்லை. அது போனபின் மற்றொன்று கேட்கிறது: ஐம்பதை ஒட்டி, காலை எடுத்து உருளும்போது மட்டும் வருகிற மெல்லிய ஊளை. கால் வைத்ததும் போய்விடும். ஒற்றைச் சுரம், சுமையோடு மாறுகிறது, டிபரென்சல். (றிவேர்ஸில் கேட்கிற ஊளையைச் சேர்க்க வேண்டாம். அந்தப் பற்கள் நேராக வெட்டப்பட்டவை, அநேகமாக எல்லாக் காரிலும் பாடும்.) பின் டிபரென்சலின் ஒயிலை வடித்தோம். காந்த அடைப்பில் சாம்பல் நிறப் பசை மட்டும் இருந்தது, செதிலோ துண்டோ இல்லை. அந்தப் பசை எல்லாக் காரிலும் இருக்கும். 75டபிள்யூ-90 ஜிஎல்-5 ஒயில் 0.8 லீற்றர் விட்டு மூடினோம்.

இப்போதைக்கு அதைத் திறக்கப் போவதில்லை. அதே வீதியில் அதே வேகத்தில் பதிந்த ஒலி ஒன்றை வைத்திருக்கிறேன். ஒயில் மாற்றும்போதெல்லாம் புதிதாகப் பதிந்து ஒப்பிடுவேன். ஊளை தடித்தால் பினியனைக் கழற்றி ஷிம் என்கிற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்ய முயல மாட்டேன், பஞ்சிகாவத்தையில் முழு டிபரென்சலாகவே வாங்குவேன். அப்போது விகிதம் என் காரில் இப்போது இருக்கிற பின் டிபரென்சலின் விகிதமேதானா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். இரண்டு பக்க வெளியச்சுகளும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் புறொப்பெலர் ஷாஃப்ட் பூட்டுகிற முன் தட்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று சோக்கால் கோடு போட்டு எண்ணினால் போதும். விகிதம் பொருந்தாத ஒன்றைப் போட்டு ஓட்டினால் நடு டிபரென்சல் போய்விடும், பிறகு உண்மையாகவே கியர்பொக்ஸை இறக்க வேண்டி வரும்.